காசக் கிருமியின் பழுது பார்க்கும் பட்டறை

நம் முன்னோர் காசநோயைச் சயரோகம் என்றும் வழங்கினர். சயம் என்பது தேய்தல். தக்கனுடைய சாபத்தால் சந்திரனையே இந்நோய் பற்றியது என்றும், அதனாலேயே அவன் தேய்ந்தும் வளர்ந்தும் வருகிறான் என்றும் புராணக் கதை கூறும். உடலை நாளுக்கு நாள் தேய்க்கின்ற இக்கொடிய நோயின் காரணத்தை மனிதன் கண்டறியப் பன்னெடுங்காலம் சென்றது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆம் நாள், ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில் கூடிய அறிஞர் சபையில், றொபேட் கொக் என்னும் வைத்தியர், கோலுருவான நுண்ணிய கிருமியொன்றே காசநோய்க்குக் காரணம் என்பதைச் சான்றுகளுடன் நிலைநாட்டினார். இறப்போரில் எழுவருக்கு ஒருவர் இந்நோயாலேயே இறக்கின்றனர் என்று அவர் அன்று எடுத்துரைத்தார். இக்கண்டுபிடிப்புக்காக 1905இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பகைவன் யாரென்று அறிந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவனை அழிக்கும் மருந்துகளும் நம்மிடம் உள்ளன. இருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். சாதாரணமாகச் சிகிச்சைக்கு ஆறு மாத காலம் வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, உடம்பு தேறத் தொடங்கும்போது, "சுகம் வந்துவிட்டதே, இனியும் ஏன் இத்தனை குளிசைகள்?" என்று நோயாளியும் வீட்டாரும் கேட்பது இயல்பே. இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, அக்கிருமியின் உள்ளே இருக்கும் வியத்தகு பட்டறை ஒன்றிலே கிடைக்கின்றது. அப்பட்டறை எவ்வாறு திறக்கிறது, எவ்வாறு மூடுகிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பகைவன் வீட்டில் குடியிருப்பு

நோயாளி இருமும்போது காற்றிலே கலக்கும் நுண்டுளிகளின் மூலம் கிருமி மற்றொருவரின் நுரையீரலை அடைகின்றது. அங்கே பெருந்தின்கலம் எனப்படும் காவற்கலம் அதனை விழுங்குகின்றது. பிற கிருமிகள் பலவற்றுக்கு அத்துடன் கதை முடிந்துவிடும். காசக் கிருமியோ, தன்னைக் கொல்ல வந்த கலத்தினுள்ளேயே குடியிருக்கக் கற்றது. அரக்கு மாளிகையிலே பாண்டவர் வாழ்ந்ததுபோல, எந்நேரமும் நெருப்பை எதிர்நோக்கிய வாழ்க்கை அது.

நெருப்பு என்று நாம் கூறியது வெறும் உவமையன்று. பெருந்தின்கலம் தான் விழுங்கிய கிருமியின்மீது ஐதரசன் பரவொட்சைட்டு, நைத்திரிக் ஒட்சைட்டு முதலிய வீரியமிக்க பொருள்களைச் சொரிகின்றது. இவை கிருமியின் புரதங்களையும் கொழுப்புகளையும் தாக்குவதோடு, அதன் பரம்பரைப் பொருளாகிய டி. என். ஏ.யையும் சிதைக்கின்றன. புரதம் கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். டி. என். ஏ. கெட்டால், புதுப் புரதம் செய்வதற்கான குறிப்பே கெட்டுவிடும். மூலஏடு செல்லரித்தபின் படியெடுப்பது எங்ஙனம்?

நாற்பத்து நான்கு இலட்சம் எழுத்துகள்

அம்மூலஏட்டை மனிதன் முழுவதுமாக வாசித்தது 1998ஆம் ஆண்டிலே. ஸ்ருவேட் கோல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவந்த காசக் கிருமி வகையொன்றின் டி. என். ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்து வெளியிட்டனர். அதில் 44 இலட்சத்து 11 ஆயிரத்து 529 எழுத்துகளும், ஏறத்தாழ 4,000 பரம்பரையலகுகளும் இருந்தன. எழுத்துகள் என்று நாம் சொல்வது அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களையே. டி. என். ஏ. இரட்டை இழையாலானது. ஓரிழையில் அடினின் இருக்குமிடத்தில் மற்றையதில் தைமின் இருக்கும்; ஓரிழையில் குவானின் இருக்குமிடத்தில் மற்றையதில் சைற்றோசின் இருக்கும். ஆகவே, ஓரிழை பழுதுபட்டாலும் மற்றையதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பழுதுகள் பலவகை. ஓர் எழுத்து உருத்திரிவது ஒரு வகை. ஓரிழை அறுந்துபோவது இன்னொரு வகை. இரண்டு இழைகளும் ஒரேயிடத்தில் அறுவது எல்லாவற்றிலும் கொடியது. காசக் கிருமியிடம் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கருவிகள் உள்ளன. உருத்திரிந்த எழுத்தை வெட்டியெடுத்துப் புதியதைப் பதிக்கும் நொதியங்கள் சில. இரண்டிழையும் அறுந்தால், அதே வாசகமுடைய வேறொரு பிரதியைத் துணைகொண்டு சீராக்கும் புரதங்கள் சில. அத்தகைய பிரதி அருகில் இல்லாதபோது, அறுந்த முனைகளை ஒட்டுமட்டாகப் பிணைத்துவிடும் கூ, லிக்டி என்னும் புரதங்களும் உண்டு.

இத்தனை கருவிகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருப்பது அறிவுடைமையாகுமா? ஆகாது. கருவி செய்யப் பொருட்செலவு உண்டு. அன்றியும், டி. என். ஏ.யை வெட்டவும் ஒட்டவும் வல்ல நொதியங்கள் வேலையின்றித் திரிவது, கத்தரிக்கோலைக் குழந்தை கையிற் கொடுத்ததை ஒக்கும். ஆகவே பட்டறை வேண்டும்போது திறக்கவும், வேண்டாதபோது மூடவும் வேண்டும். இத்திறப்பையும் மூடலையும் நடத்துவதே பரம்பரையலகுக் கட்டுப்பாடு.

முதலாவது வழி: காவலன் மடியும் கதை

லெக்ஸ்-ஏ என்றொரு புரதம் உண்டு. பட்டறை வாயிலிற் காவலிருப்பவன் அவனே. பழுது பார்க்கும் பரம்பரையலகுகள் சிலவற்றின் தொடக்கத்திலே ஒரு குறிப்பிட்ட வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். தைமின், சைற்றோசின், குவானின், அடினின், அடினின், சைற்றோசின். பின் ஏதேனும் நான்கு எழுத்துகள். அதன்பின் குவானின், தைமின், தைமின், சைற்றோசின், குவானின், அடினின். மாணவர் இதனை ஒரு தாளில் எழுதி, எதிரிழையின் எழுத்துகளையும் அருகில் எழுதி, அவ்விழையைப் பின்னிருந்து வாசித்துப் பார்ப்பாராக. நடுவிலுள்ள நான்கெழுத்துகள் நீங்கலாக, அதே வாசகம் வரக் காண்பர். "விகடகவி" என்னும் சொல்லை எப்புறமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே இருப்பதுபோன்ற அமைப்பு இது. லெக்ஸ்-ஏ இருவர் இருவராகச் சேர்ந்து இவ்வாசகத்தின்மீது அமர்ந்திருக்கும். அமர்ந்திருக்குமட்டும் அந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படுவதில்லை.

டி. என். ஏ. பழுதுற்றதும் நிகழ்வது என்ன? பழுதான இடத்திலே இரட்டை இழை பிரிந்து, ஓரிழை தனியே வெளிப்படுகின்றது. ரெக்-ஏ என்னும் புரதம் அத்தனியிழையைக் கண்டதும் அதன்மேல் வரிசையாகப் படிந்து, மாலை தொடுத்தாற்போல நீண்ட தொடராகின்றது. இத்தொடரே அபாய மணி. அதனைத் தீண்டிய லெக்ஸ்-ஏ தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கின்றது! பிறர் வெட்ட வேண்டியதில்லை. ரெக்-ஏ தூண்டுகோலாக நிற்க, காவலன் தானே மடிகின்றான். வாயில் திறக்கின்றது, பட்டறை இயங்கத் தொடங்குகின்றது. பழுதெல்லாம் தீர்ந்தபின் தனியிழை மறையும். ரெக்-ஏ தொடரும் கலையும். புதிதாகப் பிறக்கும் லெக்ஸ்-ஏ மடியாமல் நிலைத்து, மீண்டும் வாயிலில் அமரும்.

இவ்வொழுங்கு காசக் கிருமிக்கே உரியதன்று. நம் குடலில் வாழும் ஈ-கோலை என்னும் பற்றீரியாவிலேயே இது முதலில் விரிவாக ஆராயப்பட்டது. மூழ்கும் கப்பல்கள் அனுப்பும் எஸ். ஓ. எஸ். என்ற அபாயக் குறியின் பெயரை இதற்கு 1970களில் மிரோஸ்லாவ் ராட்மன் என்ற விஞ்ஞானி சூட்டினார். காசக் கிருமியின் லெக்ஸ்-ஏயும் அது அமரும் வாசகமும் 1990களில் இலண்டனிலுள்ள ஆய்வுகூடமொன்றில் ஆராயப்பட்டன.

காசக் கிருமியின் ரெக்-ஏயிலே விசித்திரமொன்றுண்டு. அது பிறக்கும்போது 790 அமினோ அமிலங்களைக் கொண்டிருக்கும். அதன் நடுவேயுள்ள 440 அமினோ அமிலங்கள் தம்மைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேற, எஞ்சிய இரு துண்டுகளும் ஒட்டிக்கொண்டு 350 அமினோ அமிலங்களுள்ள உண்மையான ரெக்-ஏ உருவாகின்றது. பிறரைப் பழுது பார்க்கப் புறப்படுமுன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் தொழிலாளி இது எனலாம்.

இரண்டாவது வழி

ரெக்-ஏ இல்லாவிட்டால் மணி அடிக்காது; மணி அடிக்காவிட்டால் பட்டறை திறவாது. ஈ-கோலையில் கண்டதைக்கொண்டு இவ்வாறே எண்ணத் தோன்றும். 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு மாறான செய்தியைத் தந்தது. ரெக்-ஏ நீக்கப்பட்ட காசக் கிருமிகளின் டி. என். ஏ.யை ஆய்வாளர் மருந்தொன்றினாற் பழுதாக்கிப் பார்த்தனர். அப்போதும் பழுது பார்க்கும் பரம்பரையலகுகளில் பெரும்பாலானவை விழித்தெழுந்தன! ஆகவே வேறொரு வாயிலும் இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வாயிலின் திறப்பாளர் யாரென்று அறியப் பல ஆண்டுகள் சென்றன. பாஃப்-பி, பாஃப்-சி என்னும் இரு புரதங்கள் இணைந்தே அத்தொழிலைச் செய்கின்றன என்பது 2017, 2018ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது. சுவிற்சலாந்திலுள்ள சூரிச் நகரின் ஆய்வாளர் இதில் முக்கிய பங்கு கொண்டனர். நோய் விளைவிக்கும் கிருமியைக் கையாளுவது ஆபத்தாகையால், இவ்வாய்வுகளிற் பெரும்பகுதி, அதன் சாதுவான உறவினமும் விரைவில் வளர்வதுமான ஸ்மெக்மாற்றிஸ் என்னும் பற்றீரியாவிலேயே நடைபெற்றது.

இரு வழிகளுக்குமுள்ள வேறுபாட்டை மாணவர் கவனித்தல் நன்று. லெக்ஸ்-ஏ தடுப்பவன்; அவன் விலகினால் வேலை நடக்கும். பாஃப் இணையரோ அழைப்பவர். அவர் வந்தால்தான் வேலை நடக்கும். ஒன்று பூட்டைக் கழற்றுவது. மற்றொன்று ஆளைக் கைப்பிடித்து அழைத்து வருவது. பரம்பரையலகை வாசிக்கும் நொதியத்துக்கு வழிகாட்டி, அதனைத் தகுந்த இடத்தில் இருத்துவதே இவ்விணையரின் பணி. இவர்களைத் தூண்டி எழுப்பும் குறியும் தனித்து நிற்கும் டி. என். ஏ. இழையே என்பதைச் சூரிச் ஆய்வாளர் அண்மையிற் காட்டியுள்ளனர். ஒரே அபாயக் குறி இருவேறு காவல் நிலையங்களுக்கும் எட்டுகின்றது. ரெக்-ஏயைச் செய்யும் பரம்பரையலகு இரு வழிகளுக்கும் உட்பட்டது. ஒரு வாயில் அடைபட்டாலும் மறு வாயிலால் அது எழும்பும்.

திறந்ததை மூடுவதிலும் இக்கிருமி தனித்திறமை வாய்ந்தது. வேலை முடிந்தபின் எஞ்சிய கருவிகள் சிலவற்றின்மீது பப் என்னும் சிறு புரதம் முத்திரைபோல் ஒட்டப்படுகின்றது. முத்திரை குத்தப்பட்டவை, புரோற்றியசோம் எனப்படும் பீப்பா வடிவான அரைவை யந்திரத்தினுள் செலுத்தப்பட்டுத் துண்டு துண்டாக்கப்படுகின்றன. முத்திரை குத்தும் நொதியத்துக்குரிய பரம்பரையலகும், பாஃப் இணையருக்குரிய பரம்பரையலகுகளும் டி. என். ஏ.யில் அடுத்தடுத்தே அமைந்துள்ளன. பட்டறையைத் திறப்பவனும் கூட்டித் துப்புரவாக்குபவனும் அயல்வீட்டார்!

திருத்தத்தில் பிறக்கும் பிழை

இதுவரை கூறியன கிருமியின் சாமர்த்தியம். இனிக் கூறப்போவது நமக்கு நேரும் ஆபத்து.

எல்லாப் பழுதும் செவ்வையாகத் திருத்தத்தக்கவையல்ல. சிலவேளை மூலஏட்டில் வாசிக்கவே முடியாத எழுத்தொன்று வழிமறிக்கும். பிரதி செய்யும் நொதியம் அங்கே நின்றுவிடும். நின்றால் கிருமி இறக்கும். அந்நெருக்கடியில் டிஎன்ஏ-ஈ2 என்னும் மாற்று எழுத்தன் வரவழைக்கப்படுகின்றான். லெக்ஸ்-ஏ மடியும்போது திறக்கும் பரம்பரையலகுகளில் இவனுடையதும் ஒன்று. இவன் வழிமறித்த எழுத்தைக் கடந்து எழுதிச் செல்வான். ஆனால் ஊகித்தே எழுதுவான். கிருமி பிழைத்துக்கொள்ளும், ஏட்டிலே பிழை நுழைந்துவிடும். இதனையே விகாரம் என்பர்.

சாதாரணமாகக் காசக் கிருமி மிகவும் நிதானமான எழுத்தன். அது ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். ஈ-கோலைக்கு இருபது நிமிடமே போதும். நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், 44 இலட்சம் எழுத்துகளிலே ஆண்டுக்குச் சராசரி அரை எழுத்தளவே மாறுவதாகக் கணித்துள்ளனர். இத்தகைய நிதானமுள்ள கிருமி, அபாய வேளையில் பிழைபட எழுதும் எழுத்தனைத் துணைக்கழைப்பது கருதத்தக்கது. தென்னாபிரிக்காவின் வலெரி மிஸ்ராகியும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்விலே, டிஎன்ஏ-ஈ2 நீக்கப்பட்ட காசக் கிருமிகளில், டி. என். ஏ. பழுதால் விளையும் விகாரங்கள் அற்றுப்போயின. அக்கிருமிகள் எலிகளின் உடலில் வலுக்குன்றின. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அவ்வெலிகளில் தோன்றுவதும் குறைந்தது.

பிழையான ஓர் எழுத்து என்ன செய்துவிடும்? ரிஃபாம்பிசின் இந்நோய்க்குரிய தலைசிறந்த மருந்துகளில் ஒன்று. பரம்பரையலகுகளை வாசிக்கும் நொதியத்தை அது பற்றிப் பிடித்துச் செயலறச் செய்கின்றது. அந்நொதியத்துக்குரிய குறிப்பில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியிலேயே ரிஃபாம்பிசினுக்கு அடங்காமைக்குக் காரணமான விகாரங்களிற் பெரும்பாலானவை நிகழ்கின்றன. அவற்றுள்ளும் மிகுதியாகக் காணப்படுவது, ஒரேயொரு சைற்றோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து அமர்வதே. ஓர் எழுத்து மாறியது. மருந்தின் பிடி நழுவியது.

கணக்குச் சொல்லும் பாடம்

இவ்வாபத்தை மனிதன் அனுபவத்தாலே அறிந்தான். 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசினே காசநோயை வென்ற முதல் மருந்து. பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 1948இல் வெளியான பரிசோதனையில், அம்மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மாத்திரமே பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் மருந்து பெற்றவர்களிற் பலருடைய கிருமிகள் சில மாதங்களில் அதற்கு அடங்காதனவாயின. ஆண்டுகள் செல்ல அம்மருந்தால் வந்த நன்மையும் பெரிதும் தேய்ந்தது.

அதற்குப் பரிகாரம் கணிதத்திலிருந்தது. ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலிற் குழி விழுந்த நோயாளியிடம் பத்துக் கோடி கிருமிகள் இருத்தல் அரிதன்று. ஆகவே ஒரு மருந்தை மாத்திரம் கொடுத்தால் தப்பிப்பிழைப்பவை சில இருந்தே தீரும். அவையே பின்னர் பெருகும். இரு மருந்துகளையும் ஒருங்கே கொடுத்தாலோ, இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி நூறு இலட்சம் கோடியில் ஒன்றே. அத்தனை கிருமிகள் எந்த நோயாளியின் உடலிலும் இல்லை. பல மருந்துகளை ஒன்றாகக் கொடுப்பதன் இரகசியம் இதுவே.

பல மருந்துகளை நெடுநாள் உண்ண ஆசுப்பத்திரியிலேயே கிடக்கவேண்டுமா என்ற வினாவுக்குச் சென்னை மாநகரம் விடை தந்தது. 1956இல் அங்கு தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், வறிய நோயாளரில் ஒரு சாராரைச் சானற்றோரியத்திலும் மற்றொரு சாராரைத் தத்தம் வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அவ்வளவே நலமடைந்தனர் என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. ஆயின், வீட்டுச் சிகிச்சையிலே வீட்டாரின் பொறுப்பும் கூடிற்று.

அப்பொறுப்பு யாது? நாம் கண்ட பட்டறையை நினைவிற் கொள்க. மருந்தை இடையில் நிறுத்தினாலும், நான்கில் ஒன்றை உண்டு மூன்றை விட்டாலும், எஞ்சிய கிருமிகளுக்குப் பழுது பார்க்க அவகாசம் கிடைக்கின்றது. பிழைபட எழுதியவற்றுள் மருந்துக்கு அடங்காதது தனித்துப் பெருக வழியும் பிறக்கின்றது. உறங்குவதுபோல் அடங்கிக் கிடக்கும் கிருமிகள் மருந்துக்கு எளிதில் மடிவதில்லை; அவையும் ஒழியவே ஆறு மாதம் வேண்டும். அடங்காத கிருமி ஒருவருடன் நிற்பதன்று. அவர் இருமும்போது அது அதே வீட்டுக் குழந்தையையும் பற்றலாம். அக்குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே சிறந்த மருந்து பயன்படாமற் போகலாம்.

பட்டறையின் திறவுகோல்களை அறிந்த அறிஞர், அவற்றைப் பறிக்கும் வழியையும் தேடுகின்றனர். ரெக்-ஏ தொடராவதைத் தடுக்கவோ, பிழை எழுத்தனை முடக்கவோ வல்ல பொருள் கிடைக்குமாயின், ஏனைய மருந்துகளுக்கு அது நல்ல துணையாகும். அந்நாள் வரும்வரை நம் கையிலுள்ள ஆயுதம், வைத்தியர் குறித்த மருந்தைக் குறித்த அளவில், குறித்த நாள்வரை, ஒரு வேளையும் தவறாமல் உண்பதே. நம் நாட்டில் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கின்றது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அங்குச் சென்று சளியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். நோய் கண்டால் அதை மறைப்பதும் நாணுவதும் வேண்டா. நோயாளியை ஒதுக்காது, ஆறு மாதமும் அருகிலிருந்து அன்புடன் குளிசையை எடுத்துக் கொடுக்கும் தாயும் தாரமும் பிள்ளையும், எந்த ஆய்வுகூடத்துக்கும் குறையாத தொண்டினைச் செய்பவராவர்.